அத்தியாயம் 17: ஒன்றாம் எண் நோயாளி

காலை ஒன்பது மணிக்கு அந்த மூன்றாம் மாடி அறையில் பதினோரு பேர் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டாவதாக ஏசி ஒன்று இருந்தது. அதுவும் அன்றைக்கு மூச்சு விடவில்லை.

நாற்பது மருத்துவமனைகளின் நோயாளி விவரங்களைப் பதினெட்டு வருடமாகச் சுமந்த பழைய டேட்டாபேஸை மூடிவிட்டு, எல்லாவற்றையும் புதியதில் கொண்டுபோய் இறக்கும் நாள். வீடு மாறுவது மாதிரிதான். என்ன, இந்த வீட்டில் சாமான் நாற்பது லட்சம். ஒரு கரண்டி இடம் மாறினாலும் எங்கோ ஒருவருக்கு மாத்திரை மாறிவிடும்.

அண்ணி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். இடது கையில் கடிக்க மிச்சம் இல்லாததால் வலது கைக்கு வந்திருந்தாள்.

அண்ணி என்றால் யாருக்கு அண்ணி? நியாயமாகப் பார்த்தால் பக்கத்து நாற்காலியில் இருந்த பட்டாசுக்கு மட்டும்தான். பட்டாசு என்பது கணவனின் தங்கைக்குப் பட்டப்பெயர். அவள் இந்த ஆபீஸில் சேர்ந்து முதல் நாளே "அண்ணி, பாஸ்வேர்டு என்ன?" என்று கத்தினாள். அன்றிலிருந்து மொத்த மாடிக்கும் இவள் அண்ணியாகிவிட்டாள். மேலாளர் அவளைவிடப் பத்து வயது மூத்தவர். அவரே அண்ணி என்கிறார். வாடிக்கையாளர் ஒருவர் கடிதத்திலேயே 'அன்புள்ள அண்ணிக்கு' என்று எழுதியிருந்தார்.

அண்ணிக்கும் பட்டாசுக்கும் மூன்று மாதமாக நடந்துவந்த பனிப்போர் ஆபீஸுக்கே தெரிந்ததுதான். அண்ணி கம்ப்யூட்டருக்குக் கட்டளையாகத் தன் கையால் எழுதிய ஸ்கிரிப்டை மட்டுமே நம்புவாள், அதையும் மூன்று தடவை படித்த பிறகு. பட்டாசு கொண்டுவந்ததோ, வாயால் சொன்னால் தானே எழுதித் தரும் புது ஏஐ டூல். அதற்கு அண்ணி வைத்த பெயர் 'வீட்டோட மாப்பிள்ளை'. உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறது, எதையும் தெரியாது என்று ஒப்புக்கொள்வதில்லை என்பது அவள் கட்சி.

ஆனால் அன்றைக்கு இரண்டு பேருக்கும் கவலை டேட்டாபேஸ் மட்டுமில்லை. மதியம் ஒரு மணிக்கு மாமனாருக்கு இதய வால்வு ஆபரேஷன். ஆபரேஷன் செய்யும் டாக்டர் மாதம் ஒரு நாள்தான் இந்த ஊருக்கு வருவார். "அடுத்த மாசம் வரைக்கும் இந்த வால்வு தாங்கும்னு என்னால எழுதித்தர முடியாது" என்று போன வாரம் அவர் சொன்னதிலிருந்து வீட்டில் யாரும் சத்தமாகக் கதவைக்கூடச் சாத்தவில்லை.

இரண்டும் ஒரே நாளில் வந்து விழுந்தபோது தீர்ப்பு சொன்னவர் மாமனார். முப்பத்தைந்து வருடம் பஸ் ஓட்டியவர். ஒரு நாளும் தாமதமாகக் கிளம்பியதில்லை.

"நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போங்க. பக்கத்துல உக்காந்து என் மூஞ்சியைப் பாத்தா வால்வு தானா திறந்துக்குமா? நான் டாக்சியில போய்க்கறேன். ஒரு மணிக்குள்ள வந்து சேருங்க, போதும். ஆபரேஷனுக்கு ஊர்வலம் எதுக்கு?"

கணவன் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தான். மதியம் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான்.

அண்ணி மாமனாரிடம் தலையாட்டினாள். அவளுக்கும் அவருக்கும் நடுவில் ஒன்பது வருடமாக அந்தத் தலையாட்டல்தான் பேச்சு. ஒன்பது வருடத்துக்கு முன் அவளுக்கு மகள் பிறந்தபோது, பேத்தியை நாலு நாள் எட்டிக்கூடப் பார்க்காத தாத்தா அவர். "டிப்போ நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன்" என்று ஐந்தாம் நாள் வந்து நின்றார், நெற்றியில் ஒரு பிளாஸ்திரியோடு. நிலைப்படி இடித்ததாம். பெண் குழந்தை என்றுதான் வரவில்லை என்று அண்ணி அன்றைக்கே மனதில் எழுதி, அடியில் கோடும் போட்டுவிட்டாள்.

பத்து மணி பத்து நிமிடத்துக்குத் திரையில் பச்சை எரிந்தது.

"முடிஞ்சுது!" என்று எழுந்தே விட்டாள் பட்டாசு. "நாப்பது லட்சம், எழுவது நிமிஷம்! அண்ணி, உங்க ஸ்கிரிப்டா இருந்தா பொங்கி ஆறி ரெண்டு நாள் ஆயிருக்கும்."

"ஆறினாலும் அடியில பிடிக்காது" என்றாள் அண்ணி. "எத்தனை விட்டுட்டு வந்தான் உன் வீட்டோட மாப்பிள்ளை?"

"முந்நூத்திப் பன்னெண்டு. எல்லாம் நிஜத்துல இருக்கவே முடியாத ஆளுங்க. தானாவே கண்டுபிடிச்சு ஓரம் கட்டிடுச்சு. முதல் ஆள் யாருன்னு பாருங்க!"

அறையே எட்டிப் பார்த்துச் சிரித்தது. நோயாளி எண் ஒன்று.

பதினெட்டு வருடத்துக்கு முன்னால், புது மருமகளாகவும் புது ஊழியராகவும் ஒரே மாதத்தில் ஆன அண்ணி, இந்த டேட்டாபேஸின் முதல் வரியைச் சோதித்துப் பார்க்க ஓர் ஆள் தேடினாள். முந்தின நாள்தான் ஏதோ விண்ணப்பங்களுக்காக மாமனாரின் பெயர், பிறந்த தேதி, விலாசம், போன் நம்பர் எல்லாவற்றையும் ஏழு தடவை எழுதியிருந்தாள். விரல்கள் தானாக அதையே தட்டின.

அதன் பிறகு யார் எதைச் சோதிக்க வேண்டுமென்றாலும் பலி அந்த ஒன்றாம் எண் ஆள்தான். இந்தப் பதினெட்டு வருடத்தில் அவருக்குப் பதினோரு பிரசவம் ஆகியிருக்கிறது, அதில் ஒன்று இரட்டை. இடது காலை மூன்று முறை எடுத்திருக்கிறார்கள். நாற்பது தடவை இறந்திருக்கிறார், பெரும்பாலும் மறுநாளே பல் பிடுங்க வந்திருக்கிறார். ரத்த வகை சட்டை மாதிரி ஆறு தடவை மாறியிருக்கிறது.

நிஜ நோயாளிகளுக்கு நடுவில் சோதனை ஆளை உட்காரவைப்பது தப்பு என்று அந்தக் காலத்தில் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றிய காலத்தில், முதல் செங்கல்லை உருவினால் எது இடியுமோ என்று யாரும் கை வைக்கவில்லை.

"நல்லாத்தான் உழைச்சாரு. சாந்தியடையட்டும்" என்றார் மேலாளர். திரையில் பச்சைப்புள்ளி தெரிந்தால் மட்டுமே சிரிப்பவர் என்பதால் அவருக்குப் பெயரே பச்சைப்புள்ளி.

கைதட்டல் அடங்கும் முன் அண்ணியின் போன் அடித்தது. மாமனார்.

"அம்மா, நான் இங்கே கவுண்டர்ல நிக்கறேன். என் பேரே இல்லங்கறாங்க."

"எங்க இல்ல மாமா?"

"எங்கேயுமே. பத்து மணி வரைக்கும் இருந்துச்சாம், இப்ப காணோமாம். ஸ்கேனு, ரத்த ரிப்போர்ட்டு, டாக்டர் எழுதி வச்சது, ஒண்ணும் வரலயாம். பன்னெண்டு மணிக்குள்ள வரலேன்னா வரிசையில அடுத்த ஆளை உள்ள அனுப்பிடுவாங்களாம்."

அண்ணிக்குக் காது மடல் சில்லிட்டது. "மாமா, உங்க நோயாளி நம்பர் என்ன?"

"ஒண்ணு."

"ஒண்ணு... அப்புறம்?"

"அப்புறம் என்னம்மா, வெறும் ஒண்ணு. போன் நம்பரைச் சொன்னதும் அதான் வந்துச்சு. ஏதோ முக்கியமான ஆளுன்னு முதல் நம்பர் கொடுத்திருக்காங்கன்னு பெருமையா இருந்தேன்."

அண்ணி நாற்காலியைத் தேடாமலே உட்கார்ந்தாள். நல்லவேளையாக நாற்காலி அங்கேயே இருந்தது.

தான் விளையாட்டாகச் செய்து வைத்த பொம்மைக்குள் நிஜ மனிதர் போய்க் குடியேறியிருக்கிறார். பொம்மையைக் குப்பையில் போட்டபோது அவரையும் சேர்த்துப் போட்டாகிவிட்டது.

"அண்ணி, என்ன ஆச்சு? அப்பாவா?" பட்டாசின் முகத்தில் இருந்த வெளிச்சமெல்லாம் ஒரே நொடியில் போனது. விஷயத்தைக் கேட்டதும் அவள் கை கீபோர்டுக்குப் பாய்ந்தது. "ஒண்ணும் ஆகல. ஓரம் கட்டினது அழியல, தனிக் கோப்புல இருக்கு. அப்படியே தூக்கி உள்ள போட்டுடலாம்!"

"நில்லு டி!" அண்ணி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "அப்படியே போட்டா எதெல்லாம் வரும் தெரியுமா? ஆறு ரத்த வகை வரும். மயக்க மருந்து ஆகாதுன்னு நானே ஒரு தடவை தட்டியிருக்கேன். மூணு கால் வெட்டினது வரும். ஆபரேஷன் டேபிள்ல டாக்டர் எதை நம்புவாரு?"

பட்டாசு கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். "எத்தனை வரி இருக்கு?"

"ரெண்டாயிரத்து அறுநூத்திப் பதினாலு."

மணி பத்து இருபத்தைந்து.

பச்சைப்புள்ளி குறுக்கே வந்தார். "மாத்தின முதல் நாள் யாரும் கை வைக்கக்கூடாதுன்னு விதி போட்டது நீங்கதான் அண்ணி."

"ஆமா, போட்டது நான்தான். நாப்பது லட்சத்துல கை வைக்க மாட்டேன். ஒண்ணுல வைக்கறேன். அந்த ஒண்ணு இப்ப ஆஸ்பத்திரி கவுண்டர்ல வெறும் வயித்தோட நிக்குது."

அவர் இரண்டு நொடி திரையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "எது சிவப்பானாலும் என்கிட்ட வராதீங்க" என்று சொல்லிவிட்டு, வெளியே இருந்து யாரும் உள்ளே வராமல் கதவடியில் போய் நின்றுகொண்டார். அவர் பாஷையில் அதுதான் ஆசீர்வாதம்.

"வரி வரியா படிச்சா சாயங்காலம் ஆயிடும்" என்றாள் அண்ணி. "பட்டாசு... உன் ஆளைக் கூப்பிடு."

"யாரை?"

"வீட்டோட மாப்பிள்ளையைத்தான்."

வேறு நாளாக இருந்தால் இதை வைத்து பட்டாசு ஒரு வருடம் கிண்டல் செய்திருப்பாள். இன்றைக்குச் சிரிக்கக்கூட இல்லை. "என்ன சொல்லணும்?"

"ஒவ்வொரு வரியையும் எந்த லாகின்ல தட்டினாங்கன்னு பாக்கச் சொல்லு. நம்ம ஆபீஸ் லாகின்னா பொய். ஆஸ்பத்திரி லாகின்னா நிஜம். சந்தேகம்னா தனியா வைக்கணும், தானா முடிவு எடுக்கக்கூடாது. அதை ரெண்டு தடவை சொல்லு."

பட்டாசு தட்டினாள். டூல் தானே ஸ்கிரிப்டை எழுதிக் காட்டியது. அண்ணி அதை மூன்று தடவைக்குப் பதிலாக இரண்டு தடவை படித்தாள். ஓர் இடத்தில் தேதிகளைத் தலைகீழாக எடுத்திருந்தது. திருத்தினாள். "ஓட்டு."

நான்கு நிமிடம். பதினோரு பிரசவமும் போனது, மூன்று இடது காலும் போனது, நாற்பது சாவும் போனது. கீழே நாற்பத்தோரு வரி மட்டும் பச்சையாக நின்றது: போன மாத ஸ்கேன், ரத்தம், டாக்டர் குறிப்பு. நடுவில் ஒரே ஒரு மஞ்சள்.

"நாலே நிமிஷம்" என்று முணுமுணுத்தாள் அண்ணி. பாராட்டு அவளிடமிருந்து பல் பிடுங்குவது மாதிரிதான் வரும். "பரவாயில்ல, மாப்பிள்ளை வேலைக்குப் போறான்."

மஞ்சள் வரியைத் திறந்தாள். ஒன்பது வருடம் பழையது. *நெற்றிக் காயம். பென்சிலின் ஊசி. கடும் ஒவ்வாமை, மூச்சுத் திணறல்.* தட்டியது ஆஸ்பத்திரி கவுண்டர் லாகின்.

"அப்ப நிஜம்தானே?" என்றார் கதவடியிலிருந்து பச்சைப்புள்ளி.

அண்ணி நெற்றியைத் தேய்த்தாள். "அந்தக் காலத்துல அந்தக் கவுண்டர் பாஸ்வேர்டைச் சீட்டுல எழுதி ஒட்டி வச்சிருப்பாங்க. நானே அங்க போய் அதுல நுழைஞ்சு சோதிச்சிருக்கேன். எழுதினது நானா இருக்கலாம்."

டூல் ஓரத்தில் தன் கருத்தைச் சொல்லியிருந்தது: பொய்யாக இருக்க வாய்ப்பு தொண்ணூற்றேழு சதவீதம்.

மணி பதினொன்று பத்து. அண்ணி போனை எடுத்தாள். "மாமா, உங்களுக்குப் பென்சிலின் ஊசி ஒத்துக்காதா?"

"எனக்கா? எனக்கு ஒத்துக்காதது சிக்னல்ல ஹாரன் அடிக்கறவனுங்க மட்டும்தான். அதெல்லாம் ஒண்ணும் கிடையாது. இங்கேயும் கேட்டாங்க, இல்லன்னு சொல்லிட்டேன்."

பதில் சரியாகத்தான் இருந்தது. ஆனால் வேகமாக வந்துவிட்டது. முப்பத்தைந்து வருடம் நிதானமாக ஓட்டியவரின் வேகம் இல்லை அது.

"அவரே இல்லங்கறாரு" என்று போனை வைத்தாள். "டூலும் இல்லங்குது. தூக்கிடலாமா?"

பட்டாசு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்கிட்டத்தான் கேக்கறேன். தொண்ணூத்தேழு சதவீதம்."

"வேணாம்" என்றாள் பட்டாசு. குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "அது நிஜம், அண்ணி. வச்சிடுங்க."

மூன்று மாதமாக அந்த டூல் சூரியன் மேற்கே உதிக்கும் என்றாலும் ஜன்னலைத் திருப்பி வைத்திருப்பாள் இவள். இன்றைக்கு அது சொன்னதை ஒரு பார்வைகூடப் பார்க்காமல் தள்ளுகிறாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

அண்ணி மெதுவாக அந்த வரியின் மிச்ச பாகத்தை இழுத்தாள். பொய் என்று டூல் ஏன் நினைத்தது என்பதற்கான காரணம் அங்கே இருந்தது.

*நோயாளி ஆண், வயது அறுபத்து நான்கு. சேர்க்கப்பட்ட இடம்: மகப்பேறு பிரிவு, இரண்டாம் மாடி. சாத்தியமில்லை.*

தேதியையும் பார்த்தாள். அந்தத் தேதியை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வருடா வருடம் மகள் மெழுகுவர்த்தி ஊதும் தேதி. அந்த இரண்டாம் மாடியையும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அன்றைக்கு இதை அவள் தட்டியிருக்க முடியாது. இரண்டு கையாலும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வந்திருக்கிறார். மாமனார் அன்றைக்கே அந்த மாடி வரைக்கும் வந்திருக்கிறார்.

அண்ணிக்குக் கண் மங்கியது. மங்கிய கண்ணோடு அழ நேரமில்லை. மஞ்சளைப் பச்சையாக்கினாள். நாற்பத்திரண்டு வரியையும் ஒருமுறை விரல் வைத்து எண்ணினாள். உள்ளே ஏற்றினாள்.

பதினொன்று நாற்பத்து மூன்று. திரை சுற்றியது. சுற்றியது. நின்று யோசித்தது. மறுபடியும் சுற்றியது. கதவடியில் பச்சைப்புள்ளி கண்ணை மூடிக்கொண்டார்.

பச்சை.

கவுண்டர் பெண் போனில் கத்தியது அறைக்கே கேட்டது. "வந்துடுச்சு மேடம்! எல்லாம் வந்துடுச்சு!"

"ஒரு நிமிஷம், வைக்காதீங்க. பென்சிலின் ஆகாதுன்னு ஒரு வரி இருக்கும், பாருங்க."

"இருக்கு. ஆனா இவரே இல்லன்னு கையெழுத்துப் போட்டிருக்காரே?"

"அவர் சொல்றதை நம்பாதீங்க. நான் அவர் மருமக. அந்த வரியைத்தான் நம்பணும். ஆபரேஷன் டாக்டர்கிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. சொல்லிட்டு எனக்குக் கூப்பிடுங்க."

இருவரும் டாக்சியில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். அண்ணிக்கு வந்த ஒரே அழைப்பு கவுண்டர் பெண்ணுடையது. வேறு ஊசிக்கு மாற்றிவிட்டார்கள். அதைக் கேட்ட பட்டாசு ஜன்னல் பக்கம் திரும்பி, துப்பட்டா நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு முன்னால் ஸ்ட்ரெச்சர் நின்றிருந்தது. பச்சை உடையில் மாமனார் ரொம்பச் சின்னவராகத் தெரிந்தார்.

"என்னம்மா, என் நம்பர் இருக்கா, போச்சா?"

"இருக்கு மாமா. ஒண்ணுதான்."

"நல்லது. பென்சிலின்னு யாரோ எழுதிட்டாங்களாமே. யாரு சொன்னது?"

"நீங்கதான் மாமா." அண்ணி அவர் கையைப் பிடித்தாள். பதினெட்டு வருடத்தில் முதல் தடவை. "ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி. ரெண்டாம் மாடியில."

மாமனாரின் மற்றொரு கை தானாக நெற்றித் தழும்புக்குப் போனது. வாய் திறந்தது. அதற்குள் சக்கரம் நகர்ந்துவிட்டது. கதவு மூடி, மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அண்ணி கடிக்க நகம் தேடினாள், பத்து விரலிலும் கிடைக்கவில்லை.

"அந்த மஞ்சள் வரியில உடன் வந்தவர்னு ஒரு கட்டம் இருந்துச்சு" என்றாள். "அதுல உன் பழைய போன் நம்பர்."

"காலேஜ் மட்டம் போட்டுட்டு அப்பாகூட வந்தேன் அண்ணி. பாப்பாவுக்கு மஞ்சள் சட்டை ஒண்ணு வாங்கி வச்சிருந்தாரு. படியில ரெண்டு ரெண்டா ஏறினாரு."

"அப்ப படியில தடுக்கி விழுந்துதான் நெத்தியில அடிபட்டுச்சா? ஒன்பது வருஷமா ஏன் ரெண்டு பேரும் வாயைத் திறக்கல? நான் அந்த மனுஷனை எப்படியெல்லாம்..."

"தடுக்கி விழல அண்ணி." பட்டாசு தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்க ரூம் வாசல்ல ஒருத்தர் அப்பாவை நிறுத்திப் பேசினாரு. என்ன பேசினாருன்னு எனக்குக் கேக்கல. அப்பா முகம் மட்டும்தான் தெரிஞ்சுது. திரும்பி இறங்கும்போதுதான் விழுந்தாரு. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு என் தலை மேல கை வச்சு சத்தியம் வாங்கிட்டாரு."

"யாரு டி நிறுத்தினது?"

பட்டாசு வாயைத் திறப்பதற்குள் அண்ணியின் மடியில் போன் அதிர்ந்தது. வரும் வழியிலிருந்து கணவன் அழைக்கிறான், ஆபரேஷன் ஆரம்பித்துவிட்டதா என்று கேட்கத்தான் இருக்கும். திரையில் அவன் சிரித்த முகம் விட்டு விட்டு ஒளிர்ந்தது.

பட்டாசு பதிலாக அந்தப் படத்தைத்தான் பார்த்தாள். பிறகு அண்ணியைப் பார்த்தாள். பிறகு சிவப்பு விளக்கைப் பார்த்தாள்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. அண்ணி எடுக்கவில்லை.